நாலாவது கிளிப்பில் ஒன்றுமில்லை

நீதிபதிகள் வளவளவென்று எழுதித் தள்ளும் தீர்ப்புகளைச் சுருக்குவதுதான் என் மருமகளுக்கு வேலை. வக்கீல்கள் வாங்கிப் படிக்கிற மாதப் பத்திரிகையில் இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறாள். அறுபது பக்கம் உள்ளே போனால் ஆறு வரி வெளியே வரும். வீட்டிலும் அப்படியே. கல்யாணத்துக்கு முன்னால் என் மகன் எட்டுப் பக்கத்துக்கு உருகி உருகி ஒரு கடிதம் எழுதினான், பாவி. அவள் பதில்: "சரி. தேதி சொல்லுங்க."

அவள் வேலை செய்கிற விதமே தனி. கூடத்துக் குறுக்கே துணிக்கொடி கட்டி நாலு கிளிப் மாட்டியிருக்கிறாள். முதல் கிளிப்பில் நடந்தது என்ன, அடுத்ததில் நீதிபதி முன்னால் இருந்த கேள்வி, மூன்றாவதில் அவர் சொன்ன முடிவு, நாலாவதில் அதற்கு அவர் சொன்ன காரணம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. வருகிறவர்கள் தலையைக் குனிந்துதான் உள்ளே வரணும். கோர்ட்டில்கூட அவ்வளவு குனிய மாட்டார்கள்.

எங்கள் கட்டடத்துச் சொந்தக்காரர், கீழே கடை வைத்திருக்கும் தையல்காரி மேல் வழக்குப் போட்டார். மெஷின் அதிர்ந்து அதிர்ந்து சுவர் விரிசல் விட்டுவிட்டதாம், அவள் காலி பண்ணணுமாம். கீழே இருப்பது ஒரே அறை; முன்பாதி அவள் கடை, பின்பாதி அவள் குடித்தனம். தீர்ப்பு வந்த அன்று நாற்பத்தோரு பக்கத்தையும் மார்போடு அணைத்துக்கொண்டு மாடியேறி வந்தாள்.

"என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்கக்கா. எங்க வக்கீல் கடைசிப் பக்கத்தைப் பார்த்துட்டு உச்சுக் கொட்டுறார்."

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மருமகள் ஈரக்கையோடு அதே கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். "முப்பது நாள்ல காலி பண்ணணும்."

அவ்வளவுதான். பத்திரிகைக்கு ஆறு வரி, கீழ்வீட்டுக்காரிக்கு ஒரு வரி!

தையல்காரி தீர்ப்பை அங்கேயே போட்டுவிட்டு இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் கீழே இரும்புச் சத்தம். மெஷினைக் கழற்றுகிறாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏண்டி, ஊருக்கெல்லாம் உழைக்கிற உன் கொடி அவளுக்கு மட்டும் அறுந்துபோச்சா? முழுசாப் படி."

"முடிவு மாறாது அத்தை."

"முடிவை யார் கேட்டா? அந்த ஆளு என்ன காரணம் சொன்னார்?"

"ஆளு இல்ல, நீதிபதி."

"நீதிபதியும் ஆளுதான். அவர் வீட்டுச் சுவர் விரிஞ்சா கொத்தனாரைத்தானே கூப்பிடுவார்?"

முணுமுணுத்துக்கொண்டே படித்தாள். பதினொன்றாம் பக்கத்தில், கோர்ட்டே அனுப்பிய பொறியாளரின் அறிக்கை: விரிசல் பின்சுவரில், தண்ணீர்த்தொட்டி கசிந்து ஊறியதால் வந்தது. மெஷின் இருப்பதோ வாசல் பக்கம். அறிக்கையை அழகாக எடுத்து எழுதிய நீதிபதி, அதை ஏற்றாரா, தள்ளினாரா என்று மூச்சு விடவில்லை. முப்பத்தெட்டாம் பக்கத்தில், "மெஷினே காரணம் என்பது தெளிவாகிறது" என்று தாவிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இவர் சோறே இல்லாமல் மறைத்துவிட்டார்.

மூன்று சீட்டு தொங்கியது. நாலாவதில் எழுத ஒன்றும் அகப்படவில்லை. வெறும் சீட்டையே மாட்டினாள். அது ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், செருப்புக்கூடப் போடாமல் கீழே ஓடினாள்.

"மெஷின்ல கை வைக்காதே! மேல்முறையீடு பண்ணலாம். தப்பு என்னோடது, கடைசிலேருந்து படிச்சுட்டேன்."

"முதல்லயே சொல்லக் கூடாதாக்கா? பாதி திருகாணி எங்க உருண்டுச்சுன்னே தெரியல!"

நாலு சீட்டையும் மருமகளே தையல்காரியின் வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். நாலாவதை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "இதுல ஒண்ணுமே இல்லையேம்மா?"

"அதான் சார் உங்க கேஸ்."

மேல்கோர்ட்டிலிருந்து ஒன்றரைப் பக்கத்தில் உத்தரவு வந்தது. மருமகளின் விரல் பழக்கதோஷத்தில் கடைசி வரிக்குப் போனது. தையல்காரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேலேருந்து படிங்கக்கா."

பொறியாளர் அறிக்கையைப் பற்றி வாயே திறக்காத தீர்ப்பு செல்லாது, வழக்கை மறுபடி விசாரிக்கணும், அதுவரை அவளைக் கடையிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று இருந்தது.

"அந்தக் கடைசி வரி இன்னொரு தடவை," என்றாள் தையல்காரி.

சுருக்கியே பழகின என் மருமகள், அந்த ஒரு வரியை நாலு தடவை படித்தாள்.