பூஜ்ஜியமாகிப் போன வெள்ளம்

தேவி, பிரபு, பிள்ளைகளே, நீங்கள் இருவரும் படிப்பில் என்னைத் தாண்டிவிட்டீர்கள். நான் பத்தாவதோடு நிறுத்தியவன். ஆனால் படித்தவர்கள் கணக்கில் ஒரு வெள்ளம் எப்படிக் காணாமல் போகும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கேளுங்கள்.

தாம்பரத்துக்கு மேற்கே, அடையாற்றுப் பாலத்தின் கீழே நீர்மட்டம் காட்டும் அளவுக் கம்பம் ஒன்று நிற்கிறது. தினமும் காலை எட்டரைக்கு மழைமானியையும் கம்பத்தையும் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவதுதான் என் வேலை. கம்பம் மூன்று மீட்டர் உயரம். மேற்கே ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்தால் அதுவே மூழ்கிவிடும். அன்றைக்கு ‘அளவெடுக்க இயலவில்லை’ என்று எழுதிவிட வேண்டும். ஆபீஸ் வழக்கம் அது.

பிற்பாடு ரிஜிஸ்டர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அது எழுத்தை வாங்காது, எண்ணைத்தான் வாங்கும் என்று சொல்லி, அந்த இடத்திலெல்லாம் பூஜ்ஜியம் போட்டார்கள். ஆறு கரைபுரண்ட நாளெல்லாம் ஆறு காய்ந்த நாளாகிவிட்டது. எந்தச் சாமியாருக்கும் வராத வித்தை.

ஒருநாள் அதிகாரி மீட்டிங் வைத்து, சுவரில் கிராஃப் காட்டினார்.

"முப்பது வருஷ டேட்டா. மழை ஏறிட்டே போகுது, ஆத்துக்கு ஓடி வர்ற தண்ணி இறங்கிட்டே போகுது. இந்த ஆத்துக்கு இவ்ளோ அகலம் எதுக்கு? ரெண்டு கரையையும் உள்ள தள்ளி ரோடு போட்டுடலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். வயலெல்லாம் சிமென்ட் ஆகி, தண்ணீர் இறங்க மண்ணே இல்லாமல் போன ஊரில் மழை ஏறுகிறது, ஆறு இறங்குகிறது என்றால், நடுவில் தண்ணீரைக் குடித்தது யார் என்று ஒரு பட்டதாரியும் கேட்கவில்லை. ஆறு குறுகினால் முதலில் மூழ்குவது கரையோரத் தாழ்வான தெருக்கள்தான்.

கடைசி வரிசையிலிருந்து எழுந்தேன். "சார், அதெல்லாம் ஜீரோ இல்ல சார். கம்பமே முழுகிப்போன நாளு. ஜனங்க மொட்டமாடில குந்திகினு இருந்தாங்கோ."

"யோவ், நீ என்ன சயின்டிஸ்ட்டா?"

"இல்ல சார். கம்பத்தாண்ட நின்னவன்."

சிரித்தார்கள். அதிகாரி டேட்டா என்ட்ரி செய்யும் பெண்ணிடம் திரும்பினார். "பேஜாரா போச்சு. ஜீரோவ எடுத்துட்டு அந்த மாச ஆவரேஜ் போட்டுடும்மா."

"போட்டா முழங்கால் தண்ணிதான் சார் வருது."

"வரட்டும். காலியா இல்லாம இருந்தா போதும்."

மறுநாள் அந்தத் திருத்திய கணக்குத் தாளில் ‘சரிபார்த்தேன்’ என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"முழங்கால் தண்ணியிலயா சார் படகு வுட்டு ஜனத்த இட்டாந்தாங்கோ?" என்று கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன்.

"நீ போடாட்டி ஆறு நின்னுடுமா?" என்று சொல்லி அவரே போட்டுக்கொண்டார். ரிப்போர்ட் போனது. அனுமதியும் வந்தது. இப்போது கரையில் கருங்கல் இறக்கிக் குவித்திருக்கிறார்கள்.

அவர்களை மட்டும் ஏசி என்ன பயன்? ‘இயலவில்லை’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போன கை என்னுடையது. நாம் எழுதாமல் விட்ட இடத்தில் அடுத்தவன் தன் வசதிக்கு எழுதிக்கொள்வான். நான் கற்றது இவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏணியும் டேப்பும் கறுப்பு பெயின்ட்டும் எடுத்துக்கொண்டு தனியாகப் பாலத்துக்குப் போனேன். கம்பம் முடிகிற உயரத்துக்கு மேலே, பாலத்தூணில் மீட்டருக்கு ஒரு கோடு போட்டு, நான்கு, ஐந்து, ஆறு என்று எழுதிவிட்டு இறங்கினேன்.