மூலம் கேட்டையான கதை

உடப்புக் கிராமத்தில் சுஜாந்தியைக் கண்டால் மாமனார் வயதுக்காரர்கள் சிலர் எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போவார்கள். அவள் மூல நட்சத்திரக்காரி. மருமகளாகப் போகிற வீட்டில் மாமனார் உயிரோடு தங்கமாட்டார் என்று ஊரெல்லாம் கதை. விடிந்ததிலிருந்து கருவாடு போட்டுத் தாயையும் தன்னையும் காப்பாற்றுகிறவளுக்கு ஆளைக் கொல்ல நேரமேது?

யசோதரன் அவளை விரும்பினான். அவனுடைய தகப்பன் கதிரவேலு பஞ்சாங்கத்தைக் கேட்காமல் முகச்சவரம்கூடச் செய்யமாட்டார். "அப்ப நான் சாகட்டோ?" என்று அவர் ஒரு தடவை கேட்டதும் மகன் வாயை மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு சந்தியில் அவளைக் கண்டாலும் போனைப் பார்த்தபடி போய்விடுவான். சுஜாந்திக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு அருவருப்பு வந்தது, அது போகவேயில்லை.

மகனுக்கு வேறு எந்தப் பெண்ணும் பொருந்தவில்லை. சில வருடங்கள் அலைந்து களைத்த கதிரவேலு, சுஜாந்தியுடையது உட்படப் பழைய சாதகங்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு முன்னேஸ்வரத்துச் சாத்திரியாரிடம் போனார். அவர்தான் பிழையைப் பிடித்தார். சுஜாந்தி பிறந்த தொண்ணூற்றொன்பதில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நாடு முழுவதும் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் எழுதியது அந்தப் புது நேரம். அவள் பெரியபிள்ளையானபோது சாதகம் கணித்தவருக்கு அது நினைவிலேயே இல்லை. அரை மணியைக் கழித்ததும் மூலம் போய், அதற்கு முந்திய கேட்டை வந்து நின்றது. கேட்டை மாமனாரை ஒன்றும் செய்யாது. புருஷனின் அண்ணனுக்குத்தான் ஆகாது. யசோதரனோ வீட்டுக்கு மூத்தவன். கதிரவேலுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை தாம்பாளத்தோடு தகப்பனும் மகனும் வந்தார்கள். அவசரத்தில் முந்திவிட்டார்கள், பன்னிரண்டு மணிவரை ராகுகாலம். வேலிப் படலைக்குள் கால் வைக்காமல் கொளுத்தும் வெயிலில் நின்றார்கள். முற்றத்தில் மீன் கிழித்துக்கொண்டிருந்த சுஜாந்தி நிமிர்ந்து பார்த்தாள். யசோதரன் போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மீன் குடலில் என்றைக்கும் வராத அருவருப்பு அவளுக்கு வந்தது.

"பிள்ள, கையைக் கழுவிட்டுச் சாறியை உடு. நல்ல நேரம் வரப்போகுது" என்று தாய் தவமணி பதறினாள்.

"எனக்கு இதுதான் அம்மா நல்ல நேரம்."

உப்பும் செதிலும் ஒட்டிய கையாலேயே படலையைத் திறந்தாள். கதிரவேலு பின்வாங்கினார். "ராகுகாலம் முடியட்டும் பிள்ள. இப்ப ஒண்டும் கதைக்க வேணாம்."

"ராகுகாலத்தில கதைச்ச கலியாணம் உருப்படாதெண்டுதானே மாமா சொல்லுவீங்க? அதுதான் இப்பவே கதைக்க வந்தன். எனக்கு இது வேணாம்."

யசோதரன் அப்போதுதான் தலையைத் தூக்கினான். "சுஜா, இப்ப எல்லாம் சரியாயிட்டுதுதானே?"

"உனக்கொரு அண்ணன் இருந்திருந்தா?"

அவன் தகப்பனின் முகத்தைப் பார்த்தான். பிறகு பழக்கத்தில் போனைப் பார்த்தான்.

சுஜாந்தி படலையைச் சாத்தினாள்.