பார்டர் ராணி வைத்திருந்த லைன்

லீலாவதியை அடக்கம் செய்த அன்றைக்கு அவளுடைய பாகலூர் சாலை வீட்டு வாசலில் இருந்தவர்கள்: அவள் தங்கை புஷ்பா, லீலாவதிக்குக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்த ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் விக்டர், பக்கத்து மாவு மில் பஷீர் பாய், பூக்கார நாகம்மா, புனேயிலிருந்து விடிய விடிய பயணம் செய்து வந்த என் மகள் கவிதா, நான். இன்னும் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். முகம் தெரியும், பெயர் தெரியாது. தெரியாத பெயரை எழுத மாட்டேன். தெரிந்த பெயரை விடவும் மாட்டேன்.

முந்தின நாள் காலையில் விக்டர்தான் போன் செய்தார். "அம்மா, ராணி போயிருச்சும்மா" என்றார். எந்த ராணி என்று நான் கேட்கவில்லை. ஓசூரில் எங்களுக்கு ஒரே ராணி. சர்க்கரையும் கிட்னியும் சேர்ந்து இரண்டு வருஷமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது தெரியும். தெரிந்தும் என்ன, களைந்த அரிசியை உலையில் போட மறந்து சாயங்காலம் வரை அப்படியே வைத்திருந்தேன்.

லீலாவதியை எஸ்.டி.டி. பூத் அம்மா என்று பாதிப் பேருக்குத் தெரியும். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போனவள். மூன்று சக்கர வண்டியில் வருவாள், கட்டையை ஊன்றி உள்ளே போவாள். இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருஷத்தில், எவர் கையிலும் செல்போன் இல்லாத அந்த நாளில், பூத்துக்குள் ஒரு கம்ப்யூட்டரை வைத்தாள். ஒரே போன் லைன். பகல் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை அது நெட்டுக்கு, மற்ற நேரம் போனுக்கு. லைன் சேரும்போது அந்தப் பெட்டி கீச்சென்று கத்தும், கரகரக்கும், அப்புறம் சட்டென்று அமைதியாகும். "சேந்துருச்சு" என்பாள் லீலா, கல்யாணம் முடித்து வைத்தவள் மாதிரி.

உள்ளே ஒரு சாட் ரூம் இருந்தது. அதில் அவள் பெயர் பார்டர் ராணி. ஒருவன் கன்னடத்தில் 'ஊட்ட ஆயிதா' என்று கேட்பான், ஒருத்தி தெலுங்கில் 'தின்னாவா' என்பாள், எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் வரும், லீலா மூன்று பாஷையிலும் சாப்பிட்டாச்சு என்று அடிப்பாள். புதிதாக யார் வந்தாலும் வயசென்ன, ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று கேட்பார்கள். அவ்வளவுதான். "பாத்தியா முனியக்கா, மூணே கேள்வி. என்ன சாதின்னு கேக்கலை, கால் எப்படின்னு கேக்கலை. இதுக்குத்தான் நான் இங்க உக்காந்திருக்கேன்" என்று அவள் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது.

நான் அங்கே போன கதையைச் சொல்ல வேண்டும். என் மகள் கவிதா தளிப் பக்கத்துப் பையன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி. அவளோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவன். இருவரும் புனேக்குப் போய்விட்டார்கள். அவள் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்று என் கொழுந்தனார் கட்டளை போட்டார். என் வீட்டுக்காரர் வாய் பேசாதவர், அவருக்கும் சேர்த்துக் கொழுந்தனார் பேசுவார். கவிதாவின் கடிதங்கள் அடுப்புக்குப் போயின. வீட்டுப் போனைப் பூட்டு போட்டுப் பூட்டினார்கள்.

ஒரு வியாழக்கிழமை மாவு அரைக்கப் போயிருந்தேன். லீலா பூத்திலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

"உம் பொண்ணு உள்ள இருக்கா, வா."

"எந்த உள்ள?"

"இதுக்குள்ள. அம்மா அந்தப் பக்கம் வந்தா சொல்லுங்கன்னு ஒரு வாரமா கேட்டுக்கிட்டிருக்கா."

நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். சிரிக்காதீர்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அன்று லீலா படித்துச் சொன்னாள், நான் சொன்னதை அவள் அடித்தாள். அடுத்த வியாழக்கிழமை போனபோது மாட்டேன் என்றுவிட்டாள். "என் வாயால உம் பொண்ணுகிட்ட எதுக்கு அழுவறே? உன் விரலால அழு." நான் ஐந்தாவது வரை படித்தவள், அதுவும் தமிழ். அவள் பழைய டெலிபோன் பில்லின் முதுகில் அ-வுக்கு நேரே எந்த எழுத்து, ம-வுக்கு நேரே எந்த எழுத்து என்று எழுதிக் கொடுத்தாள். 'சாப்பிட்டியா' என்று ஒரு வார்த்தை அடிக்க எனக்கு ஒரு உலை கொதிக்கும் நேரம் ஆனது. அதற்குள் கவிதா நான்கு தடவை 'அம்மா இருக்கியா' என்று கேட்டுவிட்டாள். லீலா என் கையைத் தொடவே இல்லை. கட்டையைத் தரையில் தட்டித் தட்டி, "ம், அடுத்தது" என்பாள். இரண்டு மாதத்தில் நான் மகளைத் திட்டும் அளவுக்கு வேகம் வந்துவிட்டது.

கொழுந்தனாருக்கு எப்படித் தெரிந்ததோ, தெரிந்துவிட்டது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை பதினொன்றே காலுக்குப் பூத்துக்கு வந்தார். வெளித் திட்டில் ஒரு போன் இருக்கும், அதே லைன்தான். அதன் ரிசீவரை எடுத்தால் உள்ளே நெட் அறுந்துவிடும். எடுத்தார். என் மகள் பாதி வார்த்தையில் போனாள்.

"நெட் டைம் சார். பன்னண்டுக்கு மேல வாங்க" என்றாள் லீலா.

"இது பப்ளிக் போனா, உன் வீட்டுப் போனா?"

"பப்ளிக்குதான். பேசுங்க. யாருக்கு?"

அவர் மணி சொல்லும் நம்பருக்கு அடித்துக் கேட்டுவிட்டு வைத்தார்.

"கையில கடிகாரம் கட்டியிருக்கீங்களே சார்?"

"அது சரியா ஓடுதான்னு பாத்தேன்."

"உங்க வீட்டுல எது சரியா ஓடுது, இது ஓட."

ஐந்து வியாழக்கிழமை இப்படி வந்து மணி கேட்டார். ஐந்து தடவை லைன் அறுந்தது. ஆறாவது வாரம் லீலா வெளிப் போனை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பன்னிரண்டு மணிக்குத்தான் திறந்தாள். பஷீர் பாய் மில்லை நிறுத்திவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார். கொழுந்தனார் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம். எங்கள் தப்பு அங்கேதான்.

பொதுமக்கள் போனைப் பூட்டி வைத்திருக்கிறாள் என்று அவர் டெலிபோன் ஆபீஸுக்கு எழுதிப் போட்டார். இரண்டு பேர் வந்து பார்த்தார்கள், பெட்டியைப் பார்த்தார்கள், லைனைத் துண்டித்தார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் பூத்தில் சத்தமே இல்லை. கவிதாவுக்கு அப்போது எட்டாம் மாதம், கூப்பிட்டுப் பேச அவள் வீட்டில் போனும் கிடையாது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறொரு பிரவுசிங் சென்டர் இருந்தது. லீலா வண்டியை மிதித்துக்கொண்டு அங்கே போனாள். அது இரண்டாவது மாடி. செங்குத்தான படி, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. கீழே நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். என்னிடம் அப்போது சொல்லவில்லை. பிற்பாடு எத்தனையோ தடவை சொன்னாள், "அந்தப் படியைத் தவழ்ந்தாவது ஏறியிருக்கணும் முனியக்கா." ஒவ்வொரு தடவையும் நான் அவளைத் திட்டினேன். "லைனை வெட்டினவன் நிம்மதியாத் தூங்கறான், நீ எதுக்குடி படியை எண்ணிக்கிட்டிருக்கே" என்றேன்.

லைன் திரும்ப வந்த அன்று என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டாள். சாட் ரூமில் பேசியது நிற்காது, பேசியதும் போய்விடும். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே ஒரு போர்டு உண்டு, அதில் எழுதி வைத்துவிட்டுப் போகலாம், வந்தவர் பார்த்துக்கொள்ளலாம். கவிதா அதில் பதினோரு தடவை எழுதி வைத்திருந்தாள். லீலா எனக்குப் படித்துக் காட்டவில்லை. நாற்காலியை நகர்த்திக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். அம்மா எங்கே. அம்மா கால் வீங்குது. அம்மா இவருக்கு நைட் ஷிப்ட், பயமா இருக்கு. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போறேன். பதினோராவதில் குழந்தை இல்லை என்று இருந்தது.

நான் போயிருந்தால் குழந்தை பிழைத்திருக்கும் என்று சொல்லவில்லை. டாக்டர் இருந்தும் பிழைக்கவில்லை. என் மகள் யாருமில்லாமல் கிடந்து என்னைக் கூப்பிட்டாள், அந்தச் சத்தம் எனக்கு வராமல் தடுத்தார்கள், அதைத்தான் சொல்கிறேன்.

வீட்டுக்குப் போய் மாற்றுப் புடவை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று எழுந்தேன். லீலா கட்டையைக் குறுக்கே நீட்டினாள். "வீட்டுக்குப் போனா நீ போக மாட்டே. இப்படியே போ." மாவுத் தூக்கைப் பஷீர் பாயிடம் கொடுத்துவிட்டுப் பெங்களூர் பஸ் ஏறினேன், அங்கிருந்து ரயில். வழியில் கேட்டவர்களிடமெல்லாம் இந்தி தெரியாமல் கையால் பேசினேன். அந்தப் பக்கம் லீலா போர்டில் எழுதி வைத்துவிட்டாள்: 'அம்மா பஸ் ஏறியாச்சு.' கவிதா அதைப் பார்த்துவிட்டுத்தான் மூன்று நாளைக்கு அப்புறம் சோறு சாப்பிட்டாளாம். என் மருமகன் சொன்னார்.

நாற்பது நாள் இருந்துவிட்டு வந்தேன். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் தெருவில் எல்லோரும் பார்க்கவே பதினொரு மணிக்குப் பூத்துக்குப் போனேன்.

பூத் ஜெராக்ஸ் கடை ஆனது, அந்தக் கீச்சுச் சத்தத்தை இப்போது யாரும் கேட்பதில்லை. நல்லதாப் போச்சு, எதற்கு அந்தத் தொல்லை என்கிறார்கள். எனக்கு அது தொல்லை இல்லை. அது கேட்டால் என் மகள் வருவாள்.

லீலாவிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான்: அந்தப் பதினோரு செய்தியையும் அவள் அச்சடித்து ஒரு கவரில் போட்டுக் கொடுத்தாள். "வெச்சுக்கோ. அப்படி நடக்கவே இல்லன்னு ஒரு நாள் யாராவது சொல்லுவாங்க" என்றாள். சொன்னார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் தெருமுனையில் ஒரு ஃபிளெக்ஸ் வைத்திருந்தார் என் கொழுந்தனார். கண்ணீர் அஞ்சலி என்று பெரிதாகப் போட்டு, மூலையில் தபால்தலை அளவுக்கு லீலா, நடுவில் ஆளுயரத்துக்குக் கைகூப்பியபடி அவர். அந்த லைன் விஷயத்தை நேரில் கேட்டேன். "அன்னிக்கி லைன் ரிப்பேர் அண்ணி. பழசையெல்லாம் எதுக்குக் கிளறிக்கிட்டு" என்றார். கவரை எடுத்துக் காட்டினேன். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார்.

லீலாவின் முப்பதாம் நாளுக்குப் புஷ்பா போடும் இந்த நினைவு மலருக்கு நான் எழுதுவதைப் பார்த்து, எப்போதும் பேசாத என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "என்ன வேணாலும் எழுது. பேர மட்டும் போட்டுடாத, ஊருக்குள்ள மரியாதையா இருக்கறவன்." அந்த மரியாதைக்காகத்தான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போதும்.

கவிதாவின் முதல் குழந்தை பெண். பெயர் வைக்கும் முன்பே போய்விட்டது, அதை எப்படிக் கூப்பிட்டு அழுவது என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. நான் சாகும்வரை மன்னிக்காத ஆளுக்குப் பெயர் இருக்கிறது. மாதப்பன்.