ஐந்தருவியில் திரும்பிய இடுப்பு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அம்பாசமுத்திரத்திலிருந்து தென்காசிக்குப் போய் வந்ததைப் பயணம் என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் கட்டுரையும் எழுத வரும் என்று நினைத்துவிடாதீர்கள். வட்டெறியும் பெண்கள் யாரேனும் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

இந்த 1982 ஆடியில், தென்காசியில் மாவட்ட வட்டெறி அணிக்கான தேர்வு. சனி மதியம் பயிற்சி, ஞாயிறு காலை போட்டி. முதல் இருவருக்குள் வந்தால் ஐப்பசியில் சென்னையில் மாநிலப் போட்டி. அங்கே எறிந்த சான்றிதழ் இருந்தால் உடற்கல்விப் படிப்புக்கு இடம் கேட்கலாம். வயது வரம்புப்படி எனக்கு இந்த ஒரு வருடம்தான் மிச்சம்.

அப்பா என்னைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்றார். அண்ணன் மனைவி, என் மதினிதான் காப்பாற்றினாள். “குத்தாலத்துல ஒரு குளி போட்டுட்டு வரலாம்னா நா கூடப் போறேன் மாமா” என்றாள்.

பஸ்ஸில் முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், தலைக்கு மூன்று ரூபாய். மடியில் வட்டு வைத்திருந்த பையைத் தட்டிப் பார்த்த கண்டக்டர், “என்னம்மா, தோசைக்கல்லா?” என்று கேட்டார்.

“ஆமா அண்ணாச்சி, போற எடத்துல சுட்டுத் திங்கணும்லா” என்றாள் மதினி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பஸ் நிலையத்திலிருந்து மைதானம் பத்து நிமிட நடை. சாரலில் சிமெண்டு வட்டம் நனைந்திருந்தது. என் முதல் வட்டு, வட்டத்தைச் சுற்றிக் கட்டியிருந்த வலையிலேயே போய் மோதியது. அடுத்தது பக்கத்திலேயே விழுந்தது. “கை மட்டுந்தான் எறியுதும்மா, இடுப்பு வீட்லயே இருக்கு” என்றார் தேர்வாளர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

முறை எனக்குத் தெரியாததல்ல. முன்பாதம் சுழல வேண்டும், அதன்மேல் இடுப்பு, பிறகு தோள், கடைசியில்தான் கை. ஆனால் தெருவில் நடக்கும்போது இடுப்பு அசையக் கூடாது என்று பன்னிரண்டு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அத்தனை கண்களுக்கு முன்னால் அதை எப்படித் திருப்புவது?

குற்றாலம் அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். சீசனில் அறை கிடைப்பது கஷ்டம். எங்களுக்கு இருபத்தைந்து ரூபாய்க்கு ஒன்று கிடைத்தது. விடிந்ததும் ஐந்தருவிக்கு பஸ் ஏறினோம்.

பெண்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துப் பாறையைப் பார்த்து நின்றேன். முதுகில் தண்ணீர் அறைந்தது. திரும்பலாம் என்று தோளை மட்டும் திருப்பினேன். பாதங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. தண்ணீர் என்னைச் சாய்த்து மதினிமேல் தள்ளியது.

“என்னட்டி, மரப்பொம்மையா நீ? காலைத் திருப்பு, இடுப்பு தன்னால வரும்! இங்கன எவ ஒன்னப் பாக்கா?”

உண்மைதான். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

வலது குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் சுழன்றேன். இடுப்பு முன்னே போக, தோள் பின்னாலேயே வந்தது. தண்ணீரால் என்னைச் சாய்க்க முடியவில்லை. மறுபடி சுழன்றேன். மறுபடியும்.

பின்னாலிருந்து ஒரு குரல்: “ஏம்மா, செக்கா ஆட்டுத? கொஞ்சம் தள்ளு, நாங்களும் நனையணும்லா!”

ஒன்பது மணிக்குப் போட்டி. முதல் எறியில் கால் வழுக்கி வட்டத்துக்கு வெளியே போனேன். இரண்டாவதில் பழையபடி கைதான் முந்தியது. மூன்றாவது, கடைசி. கண்ணை மூடி அருவிச் சத்தத்தை நினைத்துக்கொண்டேன். குதிகால் எழுந்தது, இடுப்பு போயிற்று, வட்டு எப்போது கையை விட்டதென்றே தெரியவில்லை. மூன்றாவதாக வந்தவளைவிட ஒரு சாண் அதிகம். நான் இரண்டாவது. “எட்டி, தோசை வெந்துட்டு!” என்று வேலியோரம் மதினி கத்தினாள்.

ஆடியில் போகிறவர்கள் வட்டையும் காலணியின் அடியையும் துடைக்கப் பழந்துணி எடுத்துப் போங்கள். அறையை மதியத்துக்குள் பிடித்துவிடுங்கள். அருவியில் திரும்பிப் பழகும்போது கம்பியை விடாதீர்கள்.

இதுவரை சொல்லாமல் வைத்திருந்த ஒன்று உண்டு. மதினி இப்போது மாசமாக இருக்கிறாள். தூரப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா மறுபடியும் தலையாட்ட மறுக்கிறார். ஐப்பசியில் நம் பக்கத்திலிருந்து சென்னைக்கு எறியப் போகும் பெண்கள் இருந்தால், இந்தப் பத்திரிகைக்கு ஒரு கார்டு போடுவீர்களா? ஒருமுறை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசி, என்னையும் உங்களோடு கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் வட்டையும் சேர்த்து நானே சுமக்கிறேன்.