ஆட்டு முளையில் கட்டிய நாய்க்குட்டி

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் கிடைக்காததால் கம்பம் ரோட்டில் கரி பஸ் ஓடியது. முதுகில் ஒரு அடுப்பைக் கட்டிக்கொண்டு, மேடு வந்தால் மூச்சு வாங்கி நின்றுவிடும். அவ்வளவு மெதுவாக வருகிற வண்டியிலும் ஒரு நாய் அடிபட்டுச் செத்தது. தேனியில் நான் வேலை பார்த்த பருத்தி மில்லுக்கு எதிரே, புளியமரத்தடியில் குட்டி போட்டிருந்த நாய் அது. இரண்டு நாள் மழையில் குட்டிகளும் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. மூன்றாம் நாள் வேலை விட்டு வரும்போது ஒன்று மட்டும் வேர்ச் சந்துக்குள் முனகிக்கொண்டிருந்தது. அதை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி நாலைந்து வருஷம் இருக்கும். பிள்ளை இல்லை. கணவர் குமுளிக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மலையிறங்கி வருவார். என்னை மேலே கூட்டிப் போகவில்லை. அந்தக் குளிர் உனக்கு ஆகாது என்றார். சும்மா உட்கார்ந்து தின்கிறாள் என்று பேச்சு வரக்கூடாதே என்று நான் மில்லுக்குப் போனேன். போன பிறகு, மில்லுக்குப் போகிறவள் என்று பேச்சு வந்தது. பருத்தியில் கிடக்கும் சருகையும் கொட்டையும் தூசியையும் பொறுக்கி எடுக்கிற வேலை. காலையில் சங்கு ஊதினால் உள்ளே இருக்க வேண்டும். சாயங்காலம் ஊதினால்தான் வெளியே வர முடியும்.

முதல் இரண்டு நாள் குட்டியை ஓலைக்கூடையில் போட்டு மில்லுக்கே கொண்டு போனேன். சோற்றுச் சட்டியோடு சட்டியாக மூலையில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அது கத்திவிட்டது. மேஸ்திரி கூடையைக் காலால் தள்ளித் திறந்து பார்த்தார்.

"பிள்ளையைக் கொண்டுவந்தாளுகன்னா பெத்தவளுகன்னு விட்டுட்டேன். இப்ப நாயுமா? நாளைக்கு இது இங்கன இருந்தா நீ இருக்க மாட்ட."

வீட்டில் பூட்டி வைத்துவிட்டுப் போகவும் முடியாது. கண் திறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. துணியைத் திரியாக முறுக்கிப் பாலில் நனைத்து வாயில் வைத்தால்தான் சப்பும். பகலெல்லாம் பட்டினி போட்டால் பிழைக்காது. எனக்கிருந்த ஒரே வழி மதினிதான்.

மதினி என் கணவரின் அக்கா. புருஷன் செத்துப் பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டவள். ஒரே முற்றம், அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவளிடம் பால் கறக்கிற ஆடு ஒன்று இருந்தது. பகல் முழுக்க வீட்டில்தான் இருப்பாள். கேட்டேன்.

"நாய்க்கு நான் தாதி வேலை பாக்கவா?" என்றாள்.

"ரெண்டு வேளை பால் மட்டும் குடுங்க மதினி. மத்ததை நான் வந்து பாத்துக்கிறேன்."

"பால் சும்மா வருதா?"

கடைசியில் பேசி முடித்தோம். அவளுக்கு வேண்டிய தண்ணீரை நானே எடுத்துவிட வேண்டும். அவள் வீட்டுக் கம்பையும் கேழ்வரகையும் நானே திரித்துக் கொடுக்க வேண்டும். அதற்குப் பதில் அவள் குட்டியைப் பார்த்துக்கொள்வாள். மறுநாளிலிருந்து நான் கோழி கூவுகிறபோதே எழுந்து இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் சுமந்தேன். திருகையைச் சுற்றிவிட்டு அந்தக் கையோடு பருத்தி பொறுக்கப் போனேன். மில்லில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பிள்ளை இல்லாதவள் நாய்க்குப் பால் வாங்குகிறாள் என்று என் காது படவே சொன்னார்கள். அது உண்மைதான் என்று எனக்கும் தெரிந்திருந்தது.

குட்டி பிழைத்துக்கொண்டது. மண் நிறம். ஒரு காது மட்டும் நிமிரவே இல்லை. பேரெல்லாம் வைக்கவில்லை. ஏலே என்பேன், வரும். சாயங்காலம் நான் தெருவில் நுழையும்போதே என் நடை அதற்குத் தெரிந்துவிடும். உள்ளே இருந்து கத்தும். ஆனால் ஓடி வராது. ஏன் வரவில்லை என்று ஒரு நாள் பின்பக்கம் போய்ப் பார்த்தால், ஆட்டு முளையில் கட்டிக் கிடந்தது. தேங்காய் நார்க் கயிறு. கழுத்தில் மயிர் போய் வட்டமாகச் சிவந்திருந்தது. தட்டில் பால் இல்லை. கஞ்சித் தண்ணீர் புளித்து ஈ மொய்த்துக் கிடந்தது.

"என்ன மதினி, இப்படிக் கட்டிப் போட்டிருக்கீக?"

"அவுத்து விட்டா எங்கிட்டாவது ஓடிரும். அப்புறம் எங்க என் நாயின்னு எங்கிட்ட வந்து நிப்ப."

"பாலு?"

"ஆடு வத்திப் போச்சு."

ஆடு வற்றவில்லை. அன்று காலையில்தான் எதிர்வீட்டுக்காரி அவளிடம் பால் வாங்கிக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்திருந்தேன். சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கு அதுவும் கிடையாது. பழைய சேலையைக் கிழித்துக் கயிற்றின் மேல் சுற்றிக் கட்டிவிட்டு, என் சோற்றில் பாதியை அதற்குப் போட்டேன். மறுநாளும் தண்ணீர் எடுத்தேன். மாவு திரித்தேன்.

கார்த்திகைக்கு என் கணவர் வந்தார். குட்டி அவர் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவர் அதைத் தூக்கி, வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். "நல்லாக் கத்துமா?" என்று கேட்டார். கத்தும் என்றேன். அவர் அதைக் கையில் எடுத்தது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மறுநாள் நான் மில்லுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அவரும் இல்லை, குட்டியும் இல்லை. முளையில் கயிறு மட்டும் கிடந்தது.

"ஏன் முழிக்கிற? உம் புருஷன்தான் கொண்டு போனான்," என்றாள் மதினி. "தோட்டத்துல காவலுக்கு வேணுமாம். அங்கன நல்லா இருக்கும். உனக்கும் எனக்கும் தொல்லை விட்டுச்சு."

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று வருத்தம் இருந்தது. ஆனாலும் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மலையில் கட்டிப் போட மாட்டார்கள். கூலியாட்கள் குடியிருக்கிற லயத்துக்கு லயம் ஓடித் திரியும். மிச்சம் மீதி தின்று பெரிய நாயாகிவிடும். பேச்சு பேச்சுதான் என்று மதினிக்குத் தண்ணீர் எடுப்பதையும் விடவில்லை. அவளும் போதும் என்று சொல்லவில்லை.

தைப் பொங்கலுக்கு அவர் வந்தபோது ஒரு கம்பளி கொண்டு வந்தார். சாம்பல் நிறம், ஓரத்தில் சிவப்புக் கரை. இந்தப் பக்கம் அப்படி ஒரு கம்பளியை யாரும் பார்த்ததில்லை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கையாலேயே கொடுத்தாக என்றார். எதற்கு என்று கேட்டேன். வேலை பிடிச்சுப் போச்சு, அதான் என்றார். ஏலே எப்படி இருக்கு என்று கேட்டேன். அதுக்கென்ன, இருக்கு என்றார். தை மாசத்துப் பனிக்கு அந்தக் கம்பளி கதகதப்பாக இருந்தது. அவர் போன பிறகும் தினமும் நான் அதைத்தான் போர்த்திப் படுத்தேன்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழா. மில்லுக்கு லீவு விட்டார்கள். மதினியும் நானும் போனோம். ஆற்றில் குளித்துக் கரையேறும்போது, கூடலூர்க்காரி ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் கணவரின் கீழே கொழுந்து கிள்ளுகிறவள். நேர்த்திக்கடனுக்காக மலையிறங்கி வந்திருந்தாள். ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே தோட்டத்துச் சங்கதிகளைச் சொன்னாள். நான் என் நாயைப் பற்றிக் கேட்டேன்.

"எந்த நாய், அக்கா?"

"மண்ணு நெறத்துல. ஒரு காது தொங்கிட்டு இருக்கும்."

அவள் பிழிவதை நிறுத்தினாள். "அது உங்க நாயாக்கா? கங்காணி ரோட்டுல கெடந்துச்சுன்னுல சொன்னாக."

பிறகு சொன்னாள். துரையிடம் ஒரு சீமை நாய் இருந்திருக்கிறது. பங்களா வாசலிலேயே அதைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விட்டது. துரைக்கு வெறி பிடித்துவிட்டது. அந்தச் சிறுத்தையைச் சுட்டால்தான் சோறு இறங்கும் என்று நின்றார். கத்துகிற நாய்க்குட்டி ஒன்று வேண்டும் என்று கங்காணிகளிடம் சொன்னார். என் கணவர் கொண்டு போய்க் கொடுத்தார். மரத்தின் மேல் பரண் கட்டி அதில் துரை உட்கார்ந்திருக்க, கீழே குட்டியைக் கட்டினார்கள்.

"லயம் வரைக்கும் கேட்டுச்சுக்கா. எங்க பிள்ளைகள்லாம் அழுதுச்சுக. மொத நாள் சிறுத்தை வரல. மறுநாளும் கட்டுனாக. அன்னைக்கு வந்துச்சு. துரை சுட்டாக. ஆனா அதுக்குள்ள குட்டியை அடிச்சிருச்சு. உங்க வீட்டுக்காரருக்குக் கம்பளி குடுத்தாகளே, பாக்கலையா?"

நான் மதினியைப் பார்த்தேன். அவள் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா மதினி?"

"சொல்லித்தான் கொண்டு போனான். இதையெல்லாம் உங்கிட்டச் சொன்னா நீ சாமியாடுவ. நாயிதான புள்ள. என் தம்பிக்கு நல்ல பேரு கெடச்சுச்சுல்ல."

அன்று நான் கோயிலுக்குள் போகவில்லை. தனியாக நடந்து வீடு வந்து சேர்ந்தேன். கம்பளியை மடித்து மதினியின் வாசலில் வைத்தேன். அடுத்த நாளிலிருந்து அவளுக்குத் தண்ணீர் எடுக்கவில்லை, திருகையைத் தொடவில்லை. ஒரு நாய்க்காக நாத்தனாரிடம் பேச்சை முறித்தவள் என்று மதினி தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள். அந்தக் கம்பளியைத் திருப்பி மட்டும் கொடுக்கவில்லை. கிழிகிற வரைக்கும் பல வருஷம் அவளே போர்த்தினாள்.

கணவர் ஆடியில் வந்தார். சோறு போட்டுவிட்டுக் கேட்டேன்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல." குழம்பை இழுத்து ஊற்றிக்கொண்டார். "துரை நாயைத் தூக்கிருச்சு அது. சும்மா விடச் சொல்றியா?"

"துரை நாயும் நாய்தான?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. சாப்பிட்டுக் கை கழுவினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு அவர் பெரிய கங்காணியானார். என்னை மலைக்குக் கூட்டிப் போனார். அந்தக் குளிர் எனக்கு ஆகத்தான் செய்தது. போன புதிதில் ஒரு நாள், தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று பங்களாப் பக்கம் அழைத்துப் போனார். துரை புதிதாக இரண்டு நாய்கள் வாங்கியிருந்தார். அவற்றைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒரு ஆள். வெந்நீர் போட்டுக் குளிப்பாட்டி, துண்டால் துடைத்து, தட்டில் கறியும் சோறும் பிசைந்து வைத்துவிட்டு, அவை தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றான்.

"பாத்தியா, எப்படி வச்சிருக்காகன்னு," என்றார் என் கணவர். அவர் குரலில் பெருமை இருந்தது.

பார்த்தேன். அடுப்பில் உலை வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு லயத்தைப் பார்த்து நடந்தேன்.