உறுமாத மொழி

ஆலங்காயத்தில் மலைபஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த தாடிக்காரர், தொண்டையில் இரண்டு விரல்களை வைத்து ஏதோ முனகிக்கொண்டே வந்தார். ஒரு சினிமாவில் வரும் கற்பனைக் காட்டு ஜனத்துக்கு மொழி உண்டாக்கியவராம்.

"ஒவ்வொரு ஒலியும் இப்படித் தொட்டுப் பாத்து வெச்சதுங்க. வினைச்சொல் எல்லாம் மூச்சு விடற மாதிரி முடியும். நடிச்சது இந்த மலைக்காரங்க. சாமை அறுத்துக்கினே மனப்பாடம் பண்ணாங்க."

"நல்லதுதானேங்க?"

"இன்னா நல்லது? டைரக்டர் அத்தனையும் அழிச்சிட்டு வெறும் உறுமலப் போட்டுட்டான். காட்டு ஜனம்னா உறுமணுமாம்! அவன் வூட்ல உறுமுனாத்தான் சோறு போடுவாங்களா?"

படம் வருவதற்குள் நடித்தவர்களிடம் நேரில் சொல்லிவிடப் போகிறாராம். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க டைரக்டரைத் திட்டித் தீர்த்தார்.

ஜமுனாமரத்தூரில் இறங்கியதும், புளிமூட்டையோடு நின்ற பெண் ஒருத்தி சிரித்தபடி அந்த மொழியில் அவரை வரவேற்றாள். அவர் விஷயத்தைச் சொன்னார். சிரிப்பு நின்றது.

"உறுமறதுக்கா சார் எங்கள அந்தப் பாடு படுத்தின? படத்துல என் கொரலு வருதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே! இப்ப எந்த மூஞ்ச வெச்சிக்கினு போவேன்?"

பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது. டைரக்டர் பேச்சையே அவர் எடுக்கவில்லை. அவள் திட்டிய அத்தனையையும் தலைகுனிந்து தானே வாங்கிக்கொண்டார். என் நெஞ்சில், யார் மீதென்று தெரியாத கோபம் இன்னும் எரிகிறது.