கீழே இருந்த கற்கள்

புதிதாக வாங்கிய பாத்திரம் கழுவும் சோப்பில் எலுமிச்சை வாசனை. மூடியைத் திறந்ததுமே எரிச்சல் வந்தது. வாசனைக்கெல்லாம் ஒருத்தி கோபப்படுவாளா என்று கேட்காதீர்கள். மசாலா டப்பாக்களில் அகர வரிசைப்படி பெயர் ஒட்டி வைத்திருப்பவள் நான். கோபத்துக்கும் காரணம் வைத்திருப்பேன்.

நில அளவை படித்து முடித்ததும் கிடைத்த முதல் வேலையில் நடந்தது அது. பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனிலிருந்து தினமும் பாலம் கடந்து சுங்கை பாக்காப் போவேன். அங்கே ஒரு செம்பனைத் தோட்டத்தை அழித்து, வீடு கட்ட நிலத்தைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது மண்வாரி இயந்திரம் ஓட்டும் சேகர் அண்ணன் வந்து கூப்பிட்டார்.

ஓரத்து மேட்டில் சிறிய குழி. அதற்குள் தட்டிச் செதுக்கிய கற்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. மேலே தெரிந்தவற்றின் கூரெல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருந்தது. எடுக்கிற கை கிழிபடக் கூடாதென்று யாரோ யோசித்திருக்கிறார்கள். காடு காடாக வேட்டையாடித் திரிந்த ஆதிமனிதர்கள், திரும்பி வரும்போது உதவுமென்று கருவிகளை இப்படிப் புதைத்துவிட்டுப் போவதுண்டு. படித்திருக்கிறேன். பார்த்ததும் பிடித்துவிட்டது. நம்ம ஆள்.

கீழே இருப்பதைத் தொடாமல் ஒரு படம் எடுத்தேன். தார்ப்பாய் போட்டு மூடினேன். பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தேன். வேண்டுமென்றே அடுக்கி வைத்ததுதான் என்று காட்ட முடிந்தால், அந்த மேட்டை இடிக்காமல் விட்டுவிடச் சொல்லி எழுதித் தருவதாக ஆய்வாளர் சொன்னார். மறுநாளே வருவதாகவும் சொன்னார். அளவுக் கருவியை எடுத்துவர புக்கிட் தெங்காவிலிருந்த எங்கள் அலுவலகத்துக்கு விரைந்தேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது.

திரும்பி வந்தால் தோட்டத்தில் போட்டிருந்த கன்டெய்னர் அலுவலகம் முழுக்க எலுமிச்சை வாசனை. கிளார்க் கலா அக்கா மேசையில் கடைசிக் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழியில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துப் பயந்து, சேகர் அண்ணனை விட்டு எல்லாவற்றையும் வாளியில் அள்ளிவரச் செய்திருக்கிறார்.

“அக்கா, எது மேல எது இருந்துச்சு?”

“எல்லாம் கல்லுதானம்மா. பெருசு, நடுத்தரம், சின்னதுன்னு அடுக்கிட்டேன் பாரு. உனக்குத்தான் எல்லாம் வரிசையா இருக்கணுமே லா.”

சேகர் அண்ணன் சிரித்தார். யாரைத் திட்டுவது? திட்ட ஆளில்லாததுதான் இன்றுவரை உறுத்துகிறது.

மறுநாள் ஆய்வாளர் கூர்முனைகளில் பழைய மண்ணைத் தேடினார். சோப்பு நன்றாகவே வேலை செய்திருந்தது. பிறகு என் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“மேல உள்ளது சரிம்மா. கீழ எப்படி இருந்துச்சு?”

சேகர் அண்ணனைப் பார்த்தேன். அவர் வாளியைப் பார்த்தார்.

மண் சரிந்து தானாகவே சேர்ந்த கற்கள் என்று யாராவது சொன்னால் தன்னால் மறுக்க முடியாது என்றார் ஆய்வாளர். அந்த வாரமே மேடு சமமானது.

கற்கள் ஏதோ ஒரு கிடங்கில் பளிச்சென்று இருக்கின்றன. அவை கிடந்த கிடைதான் எங்கேயும் இல்லை. போன மாதம் அந்தப் பக்கம் போனேன். வரிசை வீடுகள். திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஆதிகாலத்தில் ஒருத்தி பத்திரப்படுத்திய இடத்தில், யாருடைய காரோ நின்றுகொண்டிருந்தது.